மாணவராக வாழ்ந்த ஓவியர் வான்கோ

ஓவியக் கலை பிறவியிலேயே அமைவது என்று கருதுவோர் நம்மிடையே பலர். வகுப்பில் ஒருவன் படம் வரைந்தால் ‘அது அவனுக்கு வரும், நமக்கு வராது’ என்று சொல்லி ஒதுங்கிவிடுகிறோம். இக்கருத்து சரிதானா என்பதை ஆராய ஹாலந்து நாட்டு ஓவியர் வின்சென்ட் வான்கோவின் வாழ்க்கை பெரிதும் துணைபுரிகிறது. காதை அறுத்துக்கொண்டவர், மனநோய்க்கு ஆளானவர் என்றே அவரைப் பலர் அறிவர். அவர் இறுதிவரை மாணவராக இருந்தவர் என்பதை அறிந்தோர் சிலரே.

1853-ஆம் ஆண்டு பிறந்த வான்கோ முதலில் ஓர் ஓவிய விற்பனை நிலையத்தில் வேலை பார்த்தார். 1876-இல் அவ்வேலை போயிற்று. பின்னர் இங்கிலாந்தில் சிறிது காலம் ஆசிரியர். அதன்பின் சமயக் கல்விக்கு ஆயத்தம் செய்து, அதையும் பாதியில் விட்டார். பெல்ஜிய நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே சமயப் பணி செய்யச் சென்றார். அப்பணியும் 1879-இல் நீட்டிக்கப்படவில்லை. இத்தனைக்கும் பிறகு, 1880-இல், 27-ஆம் வயதில்தான் ஓவியராவது என்று முடிவு செய்தார். கையில் வருவாய் இல்லை. தம்பி தியோ அனுப்பிய பணமே தாளாகவும் வண்ணமாகவும் உணவாகவும் ஆயிற்று. ஆகவே, அவர் கற்ற ஒவ்வொரு முறைக்கும் விலை கொடுத்தவர் இன்னொருவர்.

கோடு

அவர் எடுத்தவுடன் வண்ணத்தைத் தொடவில்லை. சார்லஸ் பார்க் என்பவரின் ஓவியப் பயிற்சி நூல்களை வைத்துக்கொண்டு, அதிலுள்ள படங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். உழவரை வரைந்த பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் படங்களையும் படியெடுத்தார்.

1881-இன் இறுதியில் த ஹேக் நகரில் உறவினரான ஆண்டன் மோவ் என்னும் ஓவியர் அவருக்கு நீர்வண்ணத்தையும் எண்ணெய் வண்ணத்தையும் அறிமுகம் செய்தார். ஆனால் சுண்ணாம்பு வார்ப்புச் சிலைகளைப் பார்த்து வரையச் சொன்னபோது வான்கோ உடன்படவில்லை. உயிருள்ள மனிதரை வரையவே விரும்பினார். இருவரும் பிரிந்தனர்.

அருகில் உள்ளது பெரிதாகவும் தொலைவில் உள்ளது சிறிதாகவும் தோன்றும் அளவை அவர் கற்ற வழி நம் கவனத்திற்குரியது. 1882-இல் கொல்லரையும் தச்சரையும் கொண்டு ஒரு சட்டம் செய்துகொண்டார். அதில் நெடுக்கும் குறுக்கும் மூலைவாட்டமும் இழைகள் கட்டப்பட்டிருந்தன. மணல்மேட்டிலும் நிற்கும்படி கால்களின் நுனியில் இரும்பு முனை வைத்தார். அதன் வழியாகப் பார்த்தால் எந்தப் பொருள் எந்தக் கட்டத்தில் அடங்குகிறது என்பது தெரியும். தாளிலும் அவ்வாறே கட்டமிட்டு வரையலாம். சாளரம் போன்ற இக்கருவியை நம் ஊர்த் தச்சரும் ஒரு நாளில் செய்துவிடுவார். அதே ஆண்டில் கல்லச்சு முறையையும் முயன்றார். எளிய மக்கள் வாங்கக்கூடிய படங்கள் வேண்டும் என்பது அவர் எண்ணம்.

மண்ணின் நிறம்

1883-இன் இறுதியில் நியூனென் என்னும் சிற்றூருக்குச் சென்று நெசவாளரையும் உழவரையும் வரைந்தார். 1884–85 குளிர்காலத்தில் மட்டும் உழவர் முகங்கள் ஏறத்தாழ நாற்பதைத் தீட்டினார். அவற்றின் பயனே 1885-இல் முடித்த ‘உருளைக்கிழங்கு உண்போர்’. விளக்கொளியில் ஐவர் அமர்ந்திருக்கின்றனர். நிலத்தைத் தோண்டிய கைகளே தட்டில் நீளுகின்றன என்பது பார்ப்பவருக்குப் புலப்பட வேண்டும் என்று அவர் கருதினார். அதனால் மண் படிந்த கிழங்கின் நிறத்தையே படத்திற்கு அளித்தார். முகங்கள் அழகாக இல்லை என்போர் இன்றும் உண்டு. உழைப்பின் முகம் அவ்வாறுதான் இருந்தது.

வண்ணம்

சிவப்பின் அருகே பச்சையை வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று மிகைப்படுத்திக் காட்டும். நீலமும் ஆரஞ்சும், மஞ்சளும் ஊதாவும் அவ்வாறே. இந்த விதியை நூல்களில் படித்த வான்கோ அத்துடன் நிற்கவில்லை. பல நிறக் கம்பளி நூல்களை உருண்டைகளாகச் சுற்றி, எந்த நிறம் எதனுடன் சேர்ந்தால் எப்படித் தோன்றும் என்று சோதித்தார். விலையுயர்ந்த வண்ணத்தை வீணாக்காமல் கற்க இது நல்ல வழி. அந்த உருண்டைகள் அரக்குப் பூசிய பெட்டியுடன் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் உள்ளன.

1886-இன் தொடக்கத்தில் ஆன்ட்வெர்ப் கலைக்கழகத்தில் சேர்ந்தார். முன்பு மறுத்த வார்ப்புச் சிலைகளை இப்போது தாமே விரும்பி வரைந்தார். அங்கே மூன்று மாதம்கூட நிலைக்கவில்லை. பாரிஸ் சென்று கோர்மோன் என்பவரின் பயிற்சிக்கூடத்தில் சில மாதம் பயின்றார். புள்ளி புள்ளியாக வண்ணம் வைக்கும் சூரா, சின்யாக் ஆகியோரின் முறையை அறிந்தார். ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் மரஅச்சுப் படங்களை 1887-இல் எண்ணெய் வண்ணத்தில் படியெடுத்தார். மாதிரியாக அமர்வோருக்குக் கொடுக்கப் பணமில்லாதபோது கண்ணாடியின் முன் அமர்ந்து தம் முகத்தையே தீட்டினார்.

நாணல்

1888-இல் தென்பிரான்சின் ஆர்ல் நகருக்குச் சென்றார். அங்கு விளைந்த நாணலைச் சீவி மையில் தோய்த்து வரைந்தார். நாணல் மையை அதிகம் பிடித்து வைப்பதில்லை. எனவே கோடு குறுகியதாகவும் அழுத்தமாகவும் விழும். வயலுக்குப் புள்ளி, புல்லுக்குக் கீற்று, மரத்துக்குச் சுழி என்று அவர் கை பழகிற்று. அக்கீற்றுகளே பின்னர் அவருடைய எண்ணெய் ஓவியங்களில் தூரிகை வீச்சாக வெளிப்படுகின்றன. இன்று ‘வான்கோ பாணி’ என்று நாம் வியப்பது வானிலிருந்து விழுந்ததன்று. பார்க்கின் பயிற்சிப் படமும் தச்சர் செய்த சட்டமும் கம்பளி உருண்டையும் நாணலும் சேர்ந்து உருவாக்கியது அது.

பத்தாண்டுகளில் ஏறத்தாழ 860 எண்ணெய் ஓவியங்களைத் தீட்டிய அவர் 1890 ஜூலை 29-இல் மறைந்தார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் தம்பிக்கு எழுதிய கடிதத்தில் அவர் கேட்ட பொருள் ஒன்று உண்டு: பார்க்கின் பயிற்சிப் படங்கள். தொடக்க மாணவருக்கான அந்த அறுபது தாள்களையும் மீண்டும் வரைய விரும்பினார். அப்போது ‘சூரியகாந்தி’யும் ‘விண்மீன் இரவு’ம் தீட்டி முடிந்திருந்தன.

பட்டம் பெற்றதும் புத்தகத்தை மூடிவிடலாம் என்று எண்ணும் நமக்கு அக்கடிதம் ஒரு பாடம். வரலாறு படிப்போரும் வேதியியல் படிப்போரும், தேர்வில் ஒருமுறை தவறியோரும், காலம் கடந்துவிட்டது என்று தயங்குவோரும் அதை எண்ணிப் பார்க்கலாம். பிறவித் திறன் யாரிடம் உண்டு, யாரிடம் இல்லை என்பது முன்கூட்டியே எவருக்கும் தெரிவதில்லை. முதல் தாளை எடுத்து வரையத் தொடங்கிய பிறகே அதைப் பற்றிப் பேசும் உரிமை நமக்கு வருகிறது.