பூமி சுற்றுவதை யார் பார்த்தது?
கிரேக்க வானியலை வகுப்பறையில் கற்பித்தல்

எட்டாம் வகுப்பில் அண்டம் பற்றிய பாடத்தை நடத்தும்போது பல ஆண்டுகளாக ஒரே வாக்கியத்தைச் சொல்லி வந்தேன். "முற்காலத்தில் வாழ்ந்தவர்கள் அறியாமையால் பூமிதான் நடுவில் இருக்கிறது என்று நம்பினார்கள், பிறகு கோபர்நிக்கஸ் வந்து உண்மையைச் சொன்னார்." மாணவர்கள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள். தேர்விலும் அப்படியே எழுதுவார்கள். மூன்றாண்டுகளுக்கு முன்பு கடைசி இருக்கையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "நீங்க பூமி சுத்துறதப் பாத்திருக்கீங்களா சார்?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. "புத்தகத்துல இருக்கும்மா" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன்.

அன்று மாலை வீட்டுக்குப் போன பிறகும் அந்தப் பதில் உறுத்திக்கொண்டே இருந்தது. கிரேக்கர்களை அறியாமையில் இருந்தவர்கள் என்றேன். ஆனால் அவர்கள் யாரும் "புத்தகத்தில் இருக்கிறது" என்று சொல்லி நிறுத்தியவர்கள் அல்லர். அவர்கள் கண்ணால் கண்டதை வைத்து வாதாடினார்கள். காரணம் சொல்லாமல் விட்டவன் நான்தான். அதன்பின் இந்தப் பாடத்தை வேறு வரிசையில் நடத்துகிறேன்.

முதலில் ஒரு தவறான கருத்தைக் களைய வேண்டியிருக்கிறது. பழங்காலத்தவர் எல்லாரும் பூமி தட்டை என்று நினைத்தார்கள் என்பது நம்மில் பலரும் சொல்லித்தருவது. கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே அரிஸ்டாட்டில் பூமி உருண்டை என்பதற்குச் சான்றுகளைத் தொகுத்து எழுதிவிட்டார். சந்திர கிரகணத்தின்போது நிலவின் மேல் விழும் பூமியின் நிழல் விளிம்பு எப்போதும் வளைவாகவே இருக்கிறது என்பது அவற்றில் ஒன்று. இதை வகுப்பில் செய்து காட்ட ஒரு டார்ச், ஒரு பந்து, சத்துணவுத் தட்டு ஒன்று போதும். தட்டை நேராகப் பிடித்தால் சுவரில் வட்ட நிழல் விழும், சாய்த்தால் நீள்வட்டமாகும், இன்னும் திருப்பினால் வெறும் கோடாகிவிடும். பந்தை எப்படித் திருப்பினாலும் வட்டம்தான். கிரகணம் வானத்தில் உச்சியில் நடந்தாலும் அடிவானத்தில் நடந்தாலும் நிழல் வளைவாகவே இருப்பதால் பூமி தட்டாக இருக்க முடியாது என்பதை மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

இரண்டாவது சான்று பயணம் போனவர்கள் கண்டது. எகிப்திலும் சைப்ரசிலும் தெரியும் சில விண்மீன்கள் வடக்கே போனால் தெரிவதில்லை என்று அரிஸ்டாட்டில் குறிப்பிடுகிறார். நாம் அகத்தியர் விண்மீன் என்று சொல்லும் கனோபஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சனவரி, பிப்ரவரி மாதங்களில் முன்னிரவில் நம் தெற்கு வானில் அது பளிச்சென்று நிற்கும். ஏதென்சில் இருப்பவருக்கு அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. ரோடுஸ் தீவில் அடிவானத்தைத் தொட்டு மறைந்துவிடும், அலெக்சாந்திரியாவில் சற்று மேலே ஏறும். கி.மு. 1ஆம் நூற்றாண்டில் பொசிடோனியஸ் இந்த ஒரு விண்மீனின் உயர வேறுபாட்டை வைத்தே பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். மாணவர்களிடம் இதை வீட்டு வேலையாகக் கொடுக்கலாம். மொட்டை மாடியோ வயல்வெளியோ போதும்.

சுற்றளவு என்றதும் எரட்டோஸ்தனிஸ் நினைவுக்கு வருவார். அலெக்சாந்திரியா நூலகத்தின் பொறுப்பாளராக இருந்த இவர் கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். இன்று அஸ்வான் எனப்படும் சயீன் நகரில் கோடைக் கதிர்த்திருப்ப நாளில் நண்பகலில் செங்குத்தான பொருளுக்கு நிழல் விழுவதில்லை. அதே நாளில் அலெக்சாந்திரியாவில் நிழல் விழுகிறது. அதன் கோணம் ஒரு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 7.2 பாகை. இரண்டு ஊர்களுக்கும் இடையே 5,000 ஸ்டேடியா. ஐம்பதால் பெருக்கினால் 2,50,000 ஸ்டேடியா. ஒரு ஸ்டேடியா இன்றைய அளவில் எத்தனை மீட்டர் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆகவே அவர் விடை மிகச் சரியாக இருந்தது என்று மிகைப்படுத்திச் சொல்ல வேண்டாம். முறை சரியானது. அதைச் சொன்னால் போதும்.

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். பூமி உருண்டை என்று அறிந்தவர்கள் அது சுற்றுகிறது என்பதை ஏன் ஏற்கவில்லை?

ஒருவர் ஏற்றார். சாமோஸ் தீவைச் சேர்ந்த அரிஸ்டார்க்கஸ், கி.மு. 3ஆம் நூற்றாண்டு. சூரியன் நடுவில் நிற்கிறது, பூமி அதைச் சுற்றுகிறது என்று அவர் சொன்னதாக ஆர்க்கிமிடிஸ் எழுதியிருக்கிறார். அரிஸ்டார்க்கஸ் எழுதியதில் நமக்குக் கிடைத்திருப்பது சூரியன், நிலவு ஆகியவற்றின் அளவுகளையும் தொலைவுகளையும் பற்றிய நூல். சரியாகப் பாதி நிலவு தெரியும்போது பூமி, நிலவு, சூரியன் மூன்றும் ஒரு செங்கோண முக்கோணம் ஆகின்றன, செங்கோணம் நிலவில் இருக்கிறது என்பது அவர் கண்ட வழி. பூமியில் இருக்கும் கோணத்தை 87 பாகை என எடுத்துக்கொண்டு, சூரியன் நிலவைவிட 18 முதல் 20 மடங்கு தொலைவில் இருக்கிறது என்றார். உண்மையான கோணம் 89 பாகை 51 கலை. தொலைவு ஏறத்தாழ 390 மடங்கு. மூன்று பாகைக்கும் குறைவான பிழை விடையை இருபது மடங்கு மாற்றிவிட்டது! பத்தாம் வகுப்பில் முக்கோணவியல் நடத்துபவர்கள் இதை ஒரு கணக்காகவே கொடுக்கலாம். இத்தனை பிழையோடும் சூரியனின் விட்டம் பூமியினுடையதைப்போல் ஆறேழு மடங்கு என்ற முடிவுக்கு அவர் வந்தார். இவ்வளவு பெரியது இவ்வளவு சிறியதைச் சுற்றுமா என்ற எண்ணம் அங்கிருந்து பிறந்திருக்கலாம்.

மற்றவர்கள் மறுத்ததற்கும் காரணம் இருந்தது. பூமி அவ்வளவு வேகமாகச் சுழன்றால் மேகங்களும் பறவைகளும் பின்தங்கி மேற்கே போய்விட வேண்டாமா என்று கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி கேட்டார். ஓடும் பேருந்துக்குள் தூக்கிப் போட்ட பந்து கைக்கே திரும்பி வருவதை நம் மாணவர்கள் அறிவார்கள். அதை வைத்து அவருக்குப் பதில் சொல்லச் சொல்லுங்கள். வகுப்பு களைகட்டிவிடும்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அளவுகோலைச் சாய்வாகப் பார்த்தால் வரும் இடமாறு தோற்றப் பிழையை ஆறாம் வகுப்பிலேயே நடத்துகிறோம். கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி ஒரு கண்ணை மாற்றி மற்றொரு கண்ணால் பார்த்தால் விரல் நகர்வதுபோல் தோன்றும். பூமி சூரியனைச் சுற்றுவது உண்மையானால் ஆறு மாத இடைவெளியில் நாம் வேறு இடத்திலிருந்து பார்க்கிறோம். விண்மீன்களும் அப்படி நகர்ந்து தோன்ற வேண்டும். கிரேக்கர்கள் பார்த்தார்கள். எதுவும் நகரவில்லை. ஆகவே பூமி அசையவில்லை, அல்லது விண்மீன்கள் கற்பனைக்கு எட்டாத தொலைவில் இருக்கின்றன. அரிஸ்டார்க்கஸ் இரண்டாவதை எடுத்துக்கொண்டார். மற்றவர்கள் முதலாவதை எடுத்துக்கொண்டார்கள். அன்று கையில் இருந்த சான்றுகளைக் கொண்டு பார்த்தால், நானும் அவர்கள் பக்கம்தான் நின்றிருப்பேன் என்று மாணவர்களிடம் சொல்லிவிட்டேன்.

அந்த நகர்வு இருக்கத்தான் செய்கிறது. 1838இல் ஜெர்மானிய வானியலாளர் பெசல் 61 சிக்னி என்ற விண்மீனில் அதை அளந்து வெளியிட்டார். அந்தக் கோணம் ஒரு பாகையில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. வெறும் கண்ணால் அதைக் காண யாராலும் முடியாது. அந்த மாணவியிடம் இதைச் சொன்னபோது, "அப்ப அரிஸ்டார்க்கஸ் சொன்னது சரின்னு காட்ட ரெண்டாயிரம் வருசம் ஆச்சா சார்?" என்றாள். ஆமாம் என்றேன்.

சென்ற ஆண்டு டிசம்பரில் நாங்களே ஒன்றை அளந்து பார்த்தோம். திருவண்ணாமலை அருகில் எங்கள் பள்ளி. பணியிடைப் பயிற்சியில் பழக்கமான நண்பர் ஒருவர் நாகர்கோவில் பக்கம் இருக்கிறார். இரு பள்ளிகளிலும் ஒரே நாளில் ஒரு மீட்டர் குச்சியைத் தூக்குக்குண்டு வைத்து நேராக நட்டு, 11.50 முதல் 12.30 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலை அளந்தோம். மிகக் குறுகிய நிழல் எங்களுக்கு 71 செ.மீ., அவர்களுக்கு 62 செ.மீ. சார்ட் தாளில் முக்கோணம் வரைந்து பாகைமானியால் அளந்ததில் கோணங்கள் 35½, 32. வேறுபாடு 3½ பாகை. வரைபடத்தில் நேர் வடக்கு தெற்காக எடுத்த தொலைவு சுமார் 445 கி.மீ. (பேருந்து போகும் தூரத்தை எடுத்துவிடாதீர்கள், முதலில் அந்தத் தவற்றைச் செய்தோம்.) கணக்குப் போட்டால் பூமியின் சுற்றளவு சுமார் 45,800 கி.மீ. வந்தது. உண்மையில் ஏறத்தாழ 40,000.

மாணவர்கள் முகம் வாடிவிட்டது. ஆனால் வேறுபாடு 4 பாகையாக இருந்திருந்தால் விடை 40,050 என்று ஒருவன் கண்டுபிடித்தான். அரைப் பாகை எங்கே போனது என்று தேட ஆரம்பித்தார்கள். குச்சி சாய்ந்ததா, பாகைமானி தேய்ந்ததா என்று பேச்சு நீண்டது. கடைசியில் குச்சியின் நிழல் முனை மங்கலாக இருந்ததைக் கவனித்தார்கள். சூரியன் ஒரு புள்ளி அல்ல, அரைப் பாகை அகலமுள்ள வட்டு. அதனால் நிழல் முனை எங்கே முடிகிறது என்று தீர்மானிப்பதிலேயே அந்த அளவுக்குத் தடுமாற்றம் வருகிறது.

இந்த ஆண்டு குச்சியின் முனையில் சிறு துளையிட்ட அட்டையைப் பொருத்தி, நிழலுக்குப் பதில் தரையில் விழும் ஒளிவட்டத்தின் நடுப்புள்ளியை அளக்கலாம் என்பது மாணவர்களின் திட்டம். நிழலே விழாத நாள் சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகிய நாள்களை ஒட்டி வருகிறது. கன்னியாகுமரியில் ஏப்ரல் 10, செப்டம்பர் 1 ஆகியவற்றை ஒட்டி வருகிறது. ஏப்ரலில் ஆண்டுத் தேர்வு குறுக்கிடும், ஆகஸ்டில் மேகம் குறுக்கிடும். எனவே இந்த முறையும் டிசம்பரையே வைத்துக்கொண்டிருக்கிறோம். தென்கோடியில் இருக்கும் ஆசிரியர் நண்பர் ஒருவரை நீங்களும் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்; இரண்டு ஊர்களும் எவ்வளவு தள்ளி இருக்கின்றனவோ அவ்வளவுக்குப் பிழை குறையும்.