கூடு விட்டு நீங்கும் குஞ்சுகள்

நமது வீட்டு வளவில் வாழும் பறவைகளுள் கொண்டைக் குருவி மனிதரை அதிகம் அஞ்சாதது. கரிய தலையும் வாலின் அடியிற் செந்நிறமும் உடைய இக்குருவி வேலியோரச் செடிகளில் மட்டுமன்றி, விறாந்தை வளையிலும் மின்விளக்கின் மேலுங்கூடக் கூடு கட்டும். ஆதலின் பறவை வாழ்க்கையைக் கற்க விரும்பும் மாணவன் காடு செல்ல வேண்டுவதில்லை. சாய்மனைக் கதிரையில் அமர்ந்தே கற்கலாம்.

மெல்லிய குச்சிகளையும் வேர்களையும் சிலந்தி நூலாற் பிணைத்த கிண்ணம் போன்ற கூட்டில் பெரும்பாலும் 2 அல்லது 3 முட்டைகள் இருக்கும். ஏறக்குறைய 14 நாள்களில் அவை பொரிக்கும். கண் திறவாது, இறகின்றிப் பிறக்கும் குஞ்சுகளுக்குத் தாயும் தந்தையும் புழு பூச்சிகளை ஊட்டும். குஞ்சின் எச்சம் மெல்லிய சவ்வுப் பையில் வெளிப்படும். பெற்றோர் அதனை அலகாற் கவ்வி அகற்றிக் கூட்டைத் தூய்மையாக வைத்திருத்தல் வியப்புக்குரியது.

பிறந்து ஏறத்தாழ இரண்டு வாரத்தில் குஞ்சுகள் கூட்டை நீங்கும். அப்போது வால் குறுகியிருக்கும். பறத்தலும் செவ்வனே கைவந்திராது. அவ்வாறாயின் ஏன் நீங்குகின்றன? பெற்றோரின் ஓயாத வரவும் குஞ்சுகளின் ஒலியும் பூனைக்கும் பாம்புக்கும் காகத்துக்கும் கூட்டைக் காட்டிக்கொடுக்கும். கூட்டிலிருந்தால் யாவும் ஒருங்கே அழியலாம். பிரிந்து இலைமறைவிற் பதுங்கினால் ஒன்றேனும் தப்பும்.

இதனை அறியாத சிறு பிராயத்தில், வேலியடியில் தத்திய குஞ்சொன்றை அநாதையென எண்ணி வீட்டுக்குள் எடுத்துச் சென்று பெட்டியில் வைத்தேன். பாலும் சோறும் ஊட்டினேன். பால் பறவைக்கு ஒவ்வாதென்பதை அறியேன். பெரிய குருவியொன்று அலகில் வெட்டுக்கிளியுடன் யன்னலருகே மாலைவரை வந்து வந்து போயிற்று. அதன் பொருளும் எனக்கு விளங்கவில்லை. மறுநாட் காலை குஞ்சு இறந்து கிடந்தது. இரக்கத்தாற் செய்த அப்பிழையை இன்றும் மறந்திலேன்.

ஆகவே, தரையிற் குஞ்சைக் கண்டால் முதலில் அதன் இறகைப் பார்த்தல் வேண்டும். இறகு முளையாததாயின் அது தவறி விழுந்தது; மெல்ல எடுத்துக் கூட்டில் வைக்கலாம். மனிதர் கைபட்டால் தாய் ஏற்காதென்பது மெய்யன்று. இறகு மூடித் தத்துவதாயின் அதனைத் தொடாதிருத்தலே உதவியாகும். பூனை நடமாடினால் மட்டும் அண்மையிலுள்ள செடியில் ஏற்றிவிட்டு விலகுக. நாம் அருகே நிற்கும்வரை பெற்றோர் அணுகத் தயங்கும்.

கூடு வெறிதான பின்னரும் பெற்றோரின் பணி முடிவதில்லை. குஞ்சு தானே இரை தேடப் பழகும்வரை மரத்துக்கு மரம் சென்று அவை ஊட்டும். இக்கல்லூரி வாயிலைக் கடந்து சென்ற நாளில் நம்முள் எத்தனை பேருக்குச் செவ்வனே பறக்கத் தெரிந்திருந்தது? அதன் பின்னரும் நம்மைத் தேடிவந்து ஊட்டிய ஆசிரியர்களை நினைவார்க்கு, வேலியோரத்துக் குருவி புதிய பாடமெதனையும் கூறவில்லை. பழைய பாடத்தையே நினைவூட்டுகின்றது.