வாதக் கட்டுரை வரையும் முறை: கூடலூர் நிலவினாவை முன்வைத்து ஒரு பாடம்

1. தோற்றுவாய்

மெய்யியலைத் தொடக்கப் பாடமாகப் பயிலும் மாணவர்தம் கட்டுரைகளைத் திருத்துங்கால் இருவகைக் குறைகள் மிகுதியாகக் காணப்படுகின்றன. அறிஞர் பலர் கூறியவற்றை நிரல்படத் தொகுத்துத் தம் கருத்து இன்னதென்று கூறாமல் விடுவது ஒன்று. மேடைப் பேச்சைப் போலச் சொல்லை அடுக்கித் தம் கருத்தை வற்புறுத்தி, அதற்குக் காரணம் இன்னதென்று கூறாமல் விடுவது மற்றொன்று. முன்னதில் முடிபு இல்லை. பின்னதில் ஏது இல்லை. முடிபும் ஏதுவும் ஒருங்கு அமைந்து, மறுப்புக்கு விடை கூறி நிற்பதே வாதக் கட்டுரை எனப்படும்.

இதனை விதிகளாக மட்டும் கூறிச் செல்வது பயன் தாராது. ஆதலின் நீலகிரி மாவட்டம் கூடலூர் வட்டத்தைச் சார்ந்த ஒரு வினாவை எடுத்துக்கொண்டு, அதனை வாதக் கட்டுரையாக வளர்க்கும் முறையைப் படிப்படியாகக் காண்போம்.

2. வினாவைத் தெரிதல்

முதுமலைக் காட்டை அடுத்துள்ள சிற்றூர் ஸ்ரீமதுரை. பெயரைக் கேட்டதும் பாண்டியர் தலைநகர் நினைவுக்கு வரினும் இஃது அதனின் வேறாயது. வயலும் வாழையும் இஞ்சியும் காப்பியும் மிளகும் விளையும் மலைச்சரிவு. யானை நடமாட்டம் உடைய இடம். இவ்வூர் அமைந்த கூடலூர்ப் பகுதி, 1877 இல் மலபார் மாவட்டத்தினின்றும் நீலகிரியுடன் சேர்க்கப்பட்டது. பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் ஆகிய பழங்குடியினர் இங்குத் தொன்றுதொட்டு வாழ்ந்து வருகின்றனர். வயல் உழும் செட்டிமாரும் பன்னெடுங்காலக் குடிகளே. ஆயினும் சட்டத்தின் பார்வையில் இப்பகுதி நிலத்தின் பெரும்பகுதி நிலம்பூர்க் கோவிலகத்தின் ‘ஜென்மம்’ உரிமையில் இருந்தது.

இரண்டாம் உலகப் போரை ஒட்டிய உணவுப் பஞ்சக் காலத்தில் கேரளப் பகுதியினின்றும் உழவர் பலர் குடியேறிக் காட்டைத் திருத்தினர். 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின் இலங்கைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர் பலர் இங்கு வந்து சேர்ந்தனர். தமிழக அரசு 1969 இல் கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தை இயற்றியது. 1972 இல் உச்சநீதிமன்றம் காடுகள் தொடர்பான பகுதியைச் செல்லாதென்றது. 1974 இல் அச்சட்டம் அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அதனால் எழுந்த வழக்கில், 1973 ஏப்ரல் 24க்குப் பின் அவ்வட்டவணையில் சேர்க்கப்பட்ட சட்டங்களும் நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டவையே என 2007 சனவரி 11 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. இந்திய அரசியலமைப்பு வரலாற்றில் கோயலோ வழக்கு எனப் புகழ்பெற்றது இதுவே. வழக்குகள் இங்ஙனம் நீள, பட்டா இன்றி வாழ்ந்த குடிகள் மின்னிணைப்புப் பெறுவதற்கும் இடர்ப்பட்டனர்.

இவ்வரலாற்றிலிருந்து கட்டுரைக்கு வினா ஒன்றைத் தெரிதல் வேண்டும். ‘கூடலூர் நிலச் சிக்கல்’ என்பது தலைப்பாகுமேயன்றி வினா ஆகாது. ‘இந்நிலம் சட்டப்படி யாருடையது?’ என்பது வினாவே. எனினும் அது வழக்கறிஞர்க்கு உரியது. ‘காட்டைத் திருத்தி உழைத்தவனுக்கு அவ்வுழைப்பினாலேயே அந்நிலம் உரிமை ஆகுமா?’ என்பதே மெய்யியல் வினா. ஆம் என்றும் அன்று என்றும் அறிவுடையோர் கூற இடமுண்டு. விடையைக் காரணத்தால் நிறுவவும் இயலும். இவ்விரண்டும் பொருந்துவதே நல்ல வினாவின் இலக்கணம்.

3. சொற்பொருள் வரையறை

அடுத்து, வினாவில் உள்ள சொற்களை வரையறுத்தல் வேண்டும். ‘காடு’ என்பது யாது? ‘உழைப்பு’ என்பது யாது? ‘உரிமை’ என்பது யாது? சொல்தானே என்று இதனை இகழ்தல் கூடாது.

நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த டி. என். கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர்ப் பகுதிக் காடுகள் அழிக்கப்படுவதைத் தடுக்க வேண்டி 1995 இல் உச்சநீதிமன்றத்தை நாடினார். 1996 டிசம்பர் 12 அன்று அவ்வழக்கில் பிறந்த ஆணை, காடு என்னும் சொல்லை அகராதிப் பொருளிலேயே கொள்ளல் வேண்டும் என்றும், நிலம் யாருடையதாயினும் அப்பொருளே பொருந்தும் என்றும் கூறியது. ஒரு சொல்லின் வரையறை நாடெங்கும் மரம் வெட்டுதலையும் மர ஆலைகளையும் கட்டுப்படுத்தியது. அவ்வாறாக, தேர்வுத்தாளில் அதே சொல்லை ஒரு பத்தியில் ‘அரசுக் காடு’ என்ற பொருளிலும் மறுபத்தியில் ‘மரம் அடர்ந்த இடம்’ என்ற பொருளிலும் மாணவர் ஆளுவாராயின், அவர்தம் வாதம் இடையிலே முறிந்துவிடும்.

‘உரிமை’ என்பதும் அத்தகையதே. விற்கவும் ஈடு வைக்கவும் வழங்கும் முழு உடைமை ஒன்று. வெளியேற்றப்படாமல் வாழ்ந்து பயிரிடும் உரிமை மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்துணர்தல் பின்னர்ப் பெரிதும் பயன்படும்.

4. பக்கமும் ஏதுவும்

வாதத்தின் உறுப்புகளைத் தமிழர் பிறநாட்டாரிடம் சென்று கற்க வேண்டியதில்லை. மணிமேகலையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு உரைக்கும் அளவை இலக்கணத்தில் பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்னும் ஐந்துறுப்புகள் பேசப்படுகின்றன. இம்மலை நெருப்புடையது என்பது பக்கம். புகை உடைமையால் என்பது ஏது. அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். போலிகளும் அங்கே வகுத்துரைக்கப்படுகின்றன. கண்டது பனியோ ஆவியோ என ஐயுற்ற நிலையிலேயே அதனைப் புகையெனக் கொண்டு நெருப்பு உண்டெனத் துணிதல், அவ்வாறு கூறப்படும் ஏதுப் போலிகளுள் ஒன்று. காலை மூடுபனியில் எதிர்மலையைக் காணும் நீலகிரி மாணவர்க்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

நம் வினாவிற்கு வருவோம். உழைப்பே உடைமைக்கு அடிப்படை என்னும் கொள்கையை ஆங்கில மெய்யியலார் ஜான் லாக், அரசாட்சி பற்றிய தம் இரண்டாம் ஆய்வுரையின் ஐந்தாம் இயலில் விரித்துரைத்தார். அதனைக் கூடலூர்க்குப் பொருத்தி எழுதினால் வாதம் இவ்வாறு அமையும்:

முதல் எடுகூற்று: ஒருவனது உழைப்பு அவனுக்கே உரியது.
இரண்டாம் எடுகூற்று: உரியவர் இல்லாத பொருளோடு தன் உழைப்பைக் கலப்பவன் அப்பொருளைத் தனதாக்கிக் கொள்கிறான்.
மூன்றாம் எடுகூற்று: குடியேறிய உழவர் உரியவர் இல்லாத நிலத்தோடு தம் உழைப்பைக் கலந்தனர்.
முடிபு: ஆகவே அந்நிலம் அவர்க்கு உடைமையாயிற்று.

கட்டுரை எழுதப் புகுமுன் இவ்வாறு வரிசைப்படுத்தி ஒரு தாளில் எழுதிக்கொள்ளல் வேண்டும். இங்கு எடுகூற்றுகள் மெய்யாயின் முடிபும் மெய்யாகும்; அமைப்பில் குறையில்லை. ஆயின் எடுகூற்றுகள் மெய்தாமா என்பதே வினா. வாதத்தின் அமைப்பு வேறு, அதில் அமைந்த கூற்றுகளின் மெய்ம்மை வேறு என்பதை மாணவர் மறத்தலாகாது.

5. எடுகூற்றுகளை ஆராய்தல்

மூன்றாம் எடுகூற்றை முதலில் நோக்குவோம். அந்நிலம் உரியவர் இல்லாததா? சட்டம் கோவிலகத்தைச் சுட்டியது. சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும், தேனும் கிழங்கும் தேடியும் தெய்வங்களை வழிபட்டும் அக்காட்டில் வாழ்ந்த பழங்குடியினர் இருந்தனர். ஏர் பூட்டி உழுதாலன்றி உரிமை பிறவாது என்று கொண்டாலொழிய, அதனை வெற்றிடம் என்றல் இயலாது. அங்ஙனம் கொள்வதற்கும் காரணம் கூற வேண்டும்.

இரண்டாம் எடுகூற்றும் ஐயத்திற்கு இடமானது. அமெரிக்க மெய்யியலார் ராபர்ட் நாசிக் 1974 இல் வெளியிட்ட நூலில் ஒரு வினாவை எழுப்பினார். தக்காளிச் சாறு நிறைந்த குவளை ஒன்றைக் கடலில் கொட்டிக் கலந்தால், கடல் நமதாகுமா, சாறு வீணாகுமா? உழைப்பைக் கலத்தல் என்பது உடைமையைத் தருவது ஏன் என்று விளக்காதவரை இவ்வெடுகூற்று நிலைபெறாது. மேலும், பிறர்க்கும் போதிய அளவு நல்ல நிலம் எஞ்சியிருத்தல் வேண்டும் என்று லாக்கே வரம்பு கட்டினார். குறுகிய மலைச்சரிவில் அவ்வரம்பு எளிதில் மீறப்படும்.

இவற்றினும் கூர்மையான மறுப்பு ஒன்றுண்டு. இப்பகுதி வயல்களில் தலைமுறை தலைமுறையாக நாற்று நட்டவரும் கதிர் அறுத்தவரும் பணியர். அவர் நிலமுடையார்க்குக் கட்டுண்ட பண்ணையாட்களாக உழைத்தனர். உழைப்பே உடைமையைத் தருமாயின் அவ்வயல்கள் முதற்கண் பணியர்க்கன்றோ உரியவை? ஆயினும் நிலமிழந்து நின்றவர் அவரே. லாக் இதற்குக் கூறும் விடை நம்மைத் திடுக்கிடச் செய்வது: தம் பணியாள் வெட்டிய புல்தரை தமக்கே உரியது என்று அவ்வியலில் அவர் எழுதுகிறார். எனவே முதல் எடுகூற்றுக்குள்ளே ‘கூலிக்கு உழைத்தவன் நீங்கலாக’ என்னும் சொல்லப்படாத விலக்கு ஒன்று மறைந்திருத்தல் புலனாகும். மறைந்து கிடக்கும் எடுகூற்றை வெளிக்கொணர்தல் வாதக் கட்டுரை செய்யும் பணிகளுள் தலையாயது.

6. பிறர் மதம் உரைத்தல்

மறுக்கப்படும் கருத்தை மெலிவித்துக் கூறிப் பின் அதனை வெல்வது எளிது. ஆனால் அவ்வெற்றி பயனற்றது. சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாச்சாரியார் பரபக்கம் என ஒரு பகுதி வகுத்து, பிற சமயத்தார் கொள்கையை முதலில் உரைத்து அதன் பின்னரே மறுத்துச் செல்கிறார். இமாம் கஸ்ஸாலி (1058-1111), மெய்யியலாரை மறுத்துத் ‘தஹாஃபுத்துல் பலாஸிஃபா’ என்னும் நூலை இயற்றினார். அவர் மெய்யியலாரின் கொள்கைகளையே தனியாகத் தொகுத்து ‘மகாஸிதுல் பலாஸிஃபா’ என்னும் நூலையும் எழுதினார். பின்னது இலத்தீன் மொழியில் பெயர்க்கப்பட்டபோது, அதனைக் கற்ற ஐரோப்பியர் கஸ்ஸாலியையே அக்கொள்கையினர் எனக் கருதினர். எதிர்ப்பக்கத்தை எத்துணை நேர்மையாக எடுத்துரைத்தார் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. அவர்க்கு மறுப்பெழுதிய இப்னு ருஷ்து (1126-1198), கஸ்ஸாலியின் வாசகங்களைப் பகுதி பகுதியாக எடுத்துக்காட்டியே விடை பகர்ந்தார்.

நம் கட்டுரையிலும் உழவர் பக்கத்தை அவரே கூறுவதுபோல் வலிமையுற எழுத வேண்டும்: ‘பஞ்சத்தில் உணவு விளைவிக்க அழைக்கப்பட்டோம்; மலைக் காய்ச்சலுக்கும் யானைக்கும் உயிர் கொடுத்தோம்; எம் மக்களும் பேரரும் பிறந்தது இம்மண்ணில்; வேறு போக்கிடம் இல்லை.’ இதனைப் படிக்கும் உழவர் ‘எம் உள்ளத்தை எழுதினார்’ என்று ஒப்புதல் வேண்டும். பழங்குடியினர் பக்கமும் காட்டைக் காக்க விழைவோர் பக்கமும் அவ்வாறே எழுதப்பெறல் வேண்டும்.

7. முடிபைத் திருத்துதல்

மறுப்புகளைக் கண்டபின் தொடக்கத்தில் கொண்ட முடிபைத் திருத்திக்கொள்வது இழுக்கன்று. மேற்கண்ட ஆராய்ச்சியால் ‘உழைப்பு முழு உடைமையைத் தரும்’ என்னும் முடிபு நிலைக்கவில்லை. எனினும் உழவர் கூற்று முற்றும் வீழ்ந்ததா? இல்லை. முன்னர்ப் பிரித்துக் காட்டிய இருவகை உரிமை இங்கு உதவுகிறது. நெடுங்கால உழைப்பும் குடியிருப்பும், மாற்று வாழ்வு தராமல் வெளியேற்றப்படாதிருக்கும் உரிமையைத் தரும். ஆனால் தமக்கு முன்னரே அங்கு வாழ்ந்தவர் உரிமையையும், கூலிக்கு உழைத்தவர் உரிமையையும் அது வெல்லாது. இதுவே நாம் நிறுவத்தக்க முடிபு.

2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் காடு வெட்டிய உழைப்பைத் தன் அடிப்படையாகக் கொள்ளவில்லை. குடியிருப்பையும் வாழ்வாதாரச் சார்பையுமே கொண்டது. 2005 டிசம்பர் 13க்கு முன் காட்டைச் சார்ந்து வாழ்ந்த பழங்குடியினர்க்கு உரிமை கூறிய அச்சட்டம், ஏனையோர் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, வாழ்ந்திருத்தல் வேண்டும் என்றது. சட்டம் கூறுவதால் ஒரு கருத்து மெய்யாகிவிடாது. எனினும் நம் முடிபு உலகியலோடு ஒட்டியதே என்பதற்கு அது துணையாகும். ‘75 ஆண்டு என்பது எதனால்? 60 ஆண்டு வாழ்ந்தவர் நிலை என்ன?’ என்று இம்முடிபின் மேலும் மறுப்பு எழலாம். அதனையும் ஒரு பத்தியில் எதிர்கொள்ளும் மாணவரே முதன்மை மதிப்பெண் பெறுவர்.

8. கட்டுரையின் அமைப்பு

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் கட்டுரை பின்வருமாறு அமையும். முதற்பத்தி வினாவையும் நம் முடிபையும் வெளிப்படக் கூறும்; முடிபை இறுதிவரை மறைத்து வைத்தல் கதைக்கு அழகு, வாதத்திற்கு அன்று. இரண்டாம் பத்தி சொற்களை வரையறுக்கும். அடுத்து வருவன ஏதுக்கள். பத்திக்கு ஒன்றாக அமைதல் நலம். பின்னர் வலிமை மிக்க மறுப்பு ஒன்றோ இரண்டோ, அவற்றுக்கு விடையோடு. நிறைவில், நிறுவியது இவ்வளவு, நிறுவாதது இவ்வளவு என்று அளவறிந்து கூறி முடித்தல் வேண்டும்.

நன்னூலார் நூற்குற்றம் பத்தென்றார். அவற்றுள் குன்றக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல் ஆகிய நான்கும் வாதக் கட்டுரையைப் பெரிதும் கெடுப்பவை. எழுதி முடித்தபின் ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் ‘இஃது எதற்கு?’ என எழுதிப் பார்க்க. விடை கிடைக்காத பத்தியை நீக்கிவிடுக.

9. நிறைவுரை

தேர்வில் மதிப்பெண் பெறுதல் இப்பயிற்சியின் சிறுபயனே. பட்டா வேண்டி விண்ணப்பம் எழுதுபவரும், ஊராட்சிக் கூட்டத்தில் எழுந்து பேசுபவரும், ஜமாஅத்திலும் ஊர்ப் பஞ்சாயத்திலும் வழக்குத் தீர்க்கும் பெரியோரும் நாள்தோறும் வாதத்தையே ஆளுகின்றனர். ஏது தவறிய இடத்தில் உரத்த குரல் வெல்கிறது. அங்குத் தோற்பவர் பெரும்பாலும் பேசத் தெரியாத எளியவரே. பணியர்தம் உழைப்பு எந்த வாதத்திலும் எண்ணப்படாமற் போனது இதற்குச் சான்றாகும். எனவே, ஒரு கட்டுரையை முடிக்கும் மாணவர், தம் முன்னுள்ள தாளை நோக்கி இறுதியாக ஒரு வினாவை எழுப்புதல் வேண்டும்: ‘இவ்வாதத்தில் யாருடைய பக்கம் சொல்லப்படாமல் விடுபட்டது?’ அவ்வினாவுக்கு விடை எழுதிய பின்னரே கட்டுரை நிறைவு பெறும்.