அவரைக்காய்ப் புழு: பூவிலேயே பார்க்க வேண்டிய பூச்சி

மார்கழி பிறந்துவிட்டால் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் அவரைக்காய்தான் அரசாளும். பேத்தமங்கலம், பங்காருப்பேட்டைப் பக்கத்துக் கிராமங்களில் கேழ்வரகுக்கு ஊடுபயிராக விதைத்த மொச்சை அவரை, மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். தை முடியும்வரை கோலார் தங்கவயல் வீடுகளில் பிதுக்குப் பருப்புக் குழம்பு மணக்கும். வயல் இல்லாதவர்களுக்கும் அவரை உண்டு. சாம்பியன் ரீப், மாரிக்குப்பம் லைன் வீடுகளின் பின்புறம் கையகல இடம் கிடைத்தாலும் ஒரு பந்தல் ஏறிவிடும்.

இத்தனை பேர் வளர்த்து, இத்தனை பேர் தின்னும் காய்க்கு அதன் பூச்சியைப் பற்றிய நம்பிக்கைகளும் ஏராளம். அவற்றில் சில அனுபவத்தில் விளைந்தவை. சில, மருந்துக்கடை வாசலில் பிறந்தவை. ஆபத்தானவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

“புழு இருந்தால் அது மருந்து படாத காய்”

மார்க்கெட்டில் காய் பொறுக்கும்போது அடிக்கடி காதில் விழும் சொல் இது. பிதுக்கும்போது பச்சைப் புழு ஒன்று நெளிந்தால், ‘நல்ல காய்தான்’ என்று ஆறுதல் கொள்கிறார்கள். இது வெறும் ஆறுதல்தான்.

அவரைக்காய்க்குள் புகும் புழு பெரும்பாலும் மூன்று இனத்தைச் சேர்ந்தது. அடிசுரா அட்கின்சோனி என்பது அவரைக்கென்றே வாய்த்த புழு, கர்நாடகத்து அவரை வயல்களின் பழைய எதிரி. அடுத்தது ஹெலிகோவெர்பா. தக்காளியைக் குடையும் அதே புழுதான். தக்காளிக்குப் பேர்போன கோலார் மாவட்டத்தில் இதற்குச் சோற்றுக்குப் பஞ்சமே இல்லை. தக்காளியிலிருந்து அவரைக்கு, அவரையிலிருந்து துவரைக்கு, அங்கிருந்து செண்டுமல்லிக்கு என்று ஆண்டு முழுவதும் பந்தி மாறிக்கொண்டே இருக்கும். மூன்றாவது மருக்கா. பூக்களை நூலால் ஒன்றோடொன்று பிணைத்து, அந்தக் கூட்டுக்குள் இருந்தபடியே தின்னும்.

மூன்றுமே குஞ்சுப் பருவத்தில் சில நாட்கள் மட்டும்தான் வெளியில் இருக்கும். மொட்டையும் பூவையும் சுரண்டித் தின்று, பிறகு பெரும்பாலும் காய்க்குள்ளோ பூக்கூட்டுக்குள்ளோ போய்விடும். அதன் பிறகு அடிக்கும் மருந்து காயின் தோலில் படியும், உள்ளே இருக்கும் புழுவை எட்டாது. ஆக, நேற்று மாலை மருந்து அடித்து இன்று காலை பறித்த காயிலும் புழு உயிரோடு இருக்கலாம். புழு செத்ததா பிழைத்ததா என்பதை வைத்து மருந்து பட்டதா இல்லையா என்று சொல்லவே முடியாது.

ஹெலிகோவெர்பாவைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. பல மருந்துகளை அது பழகிக்கொண்டுவிட்டது. 1987-88இல் ஆந்திரத்துப் பருத்தி விவசாயிகள் மாற்றி மாற்றிப் பைரித்ராய்டு மருந்துகளை அடித்தும் இந்தப் புழு அசையவில்லை. பயிரும் போய், கடனும் ஏறி, உயிர்களும் போயின.

நுகர்வோர் கேட்க வேண்டிய கேள்வி, கடைசியாக மருந்து அடித்து எத்தனை நாள் ஆனது என்பதுதான். ஒவ்வொரு மருந்துக்கும் தெளிப்புக்கும் பறிப்புக்கும் இடையே விட வேண்டிய நாள் கணக்கு உண்டு. டப்பாவோடு வரும் தாளிலேயே அச்சிட்டிருப்பார்கள். சில நாட்களுக்கு ஒருமுறை பறிக்கும் பச்சைக் காயில் அந்தக் கணக்கைக் காப்பது கடினம். அதனால்தான் காய்ப்புக் காலத்தில் மருந்தை நம்புவதே தவறு என்கிறேன். காய்கறிகளுக்கு மோனோகுரோட்டோபாஸ் கூடாது என்று அரசு 2005லேயே தடை போட்டது. பயிர் எதுவானாலும் டப்பாவின் பெயரைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

“பனி விழுந்தால் புழு பிறக்கும்”

இதில் பார்வை சரி, காரணம் தவறு. நாட்டு அவரை பகல் குறுகினால்தான் பூக்கும். ஆடியில் விதைத்தாலும் ஆவணியில் விதைத்தாலும் கார்த்திகை வாக்கில்தான் பூங்கொத்து தள்ளும். பனியும் அப்போதுதான் வருகிறது. பூவைத் தேடி வரும் தாய்ப்பூச்சி மொட்டிலும் பிஞ்சிலும் முட்டை வைக்கிறது. மூன்று நான்கு நாளில் முட்டை பொரிகிறது. பனி அங்கே சும்மா உடன் நின்றது, அவ்வளவே.

இந்த வித்தியாசம் ஏட்டுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். பனிதான் காரணம் என்று நம்புபவர் பனிக்குக் காத்திருப்பார். பூதான் காரணம் என்று தெரிந்தவர் முதல் மொட்டு தெரிந்த நாளிலிருந்தே கொடிக்குள் தலையை விட்டுப் பார்ப்பார். பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகம் தந்த ஹெப்பாள அவரே-3, ஹெப்பாள அவரே-4 போன்ற ரகங்கள் பகல் நீளத்தைச் சட்டை செய்யாமல் எந்தப் பருவத்திலும் பூக்கும். அவற்றில் பனிக்குக் காத்திருந்தால் காய் மிஞ்சாது.

பார்ப்பது எப்படி? வயலின் ஒரு மூலையில் நின்று எட்டிப் பார்ப்பது போதாது. குறுக்கும் நெடுக்குமாக நடந்து, பத்து இருபது செடிகளைத் தொட்டு, பூங்கொத்தைக் கையில் தட்டிப் பாருங்கள். குஞ்சுப் புழு உள்ளங்கையில் விழும். நூல் பிணைந்த பூக்கூட்டைப் பிரியுங்கள். காயில் துளையும் துளை வாயில் எச்சமும் இருக்கிறதா என்று எண்ணுங்கள். வாரம் இரண்டு முறை இப்படி எண்ணி, ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவந்தால், எண்ணிக்கை ஏறுகிறதா இறங்குகிறதா என்பது உங்களுக்கே தெரியும். பயறு வகைக் காய்ப்புழுக்களுக்குத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் வைத்திருக்கும் பொதுவான எல்லை, பூவிலும் காயிலும் பத்து விழுக்காடு சேதம். அதற்குக் கீழே இருக்கும்போது மருந்துக்குச் செலவழித்தால், காப்பாற்றிய காயின் விலை செலவுக்கு ஈடாகாது. ‘வாரம் ஒரு மருந்து’ என்ற வழக்கம் இந்தக் கணக்கின் முன் நிற்காது.

“பொறி வைத்துவிட்டேன், இனிப் புழு வராது”

ஹெலிகோவெர்பாவுக்கான இனக்கவர்ச்சிப் பொறியில் விழுவது ஆண் அந்துப்பூச்சி மட்டுமே. முட்டை இடும் பெண் அதன் பக்கம் வராது. ஏக்கருக்கு ஐந்து பொறி வைப்பது, பூச்சி வந்துவிட்டதா என்று அறிவதற்கு. ஒரு பொறியில் ஓர் இரவுக்கு நான்கைந்து அந்துகள் என்று தொடர்ந்து மூன்று இரவு விழுந்தால், அடுத்த சில நாளில் கொடியில் குஞ்சுப் புழு இருக்கும். செயல்பட வேண்டிய நேரம் அதுதான். அடிசுராவும் மருக்காவும் அந்தப் பொறிக்கு மயங்கா. அதனால் பொறி காலியாக இருந்தாலும் பூவைத் தட்டிப் பார்க்கும் வேலை நிற்கக் கூடாது. கவர்ச்சிக் குப்பியை மாதம் ஒருமுறையாவது மாற்ற வேண்டும். மூன்று மாதப் பழைய குப்பியைத் தொங்கவிட்டுப் பொறியைக் குறை சொல்பவர்கள் நிறைய.

“எறும்பு ஏறித்தான் கொடி கெட்டுப்போகிறது”

பந்தல் வைத்திருக்கும் லைன் வீட்டுக்காரர்கள் எறும்புப் பொடி வாங்கித் தூவுவது இந்த நம்பிக்கையால்தான். எறும்பு அவரையைத் தின்பதில்லை. கொடியின் நுனியில் கறுப்பாக அப்பியிருக்கும் அசுவினி, சாற்றை உறிஞ்சி இனிப்பு நீராகக் கழிக்கிறது. எறும்பு வருவது அதற்காக. அசுவினியை உண்ண வரும் பொறிவண்டை எறும்பு விரட்டும் என்பது உண்மை. அந்த அளவுக்கு அது பயிருக்குப் பகைதான். ஆனால் கைவைக்க வேண்டியது அசுவினி மேல். அப்பிய நுனியைக் கிள்ளி அழியுங்கள். மீதியை வேகமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். பாட்டிமார் காலைப் பனி ஈரத்தில் தூவும் அடுப்புச் சாம்பலும் அசுவினிக்கு ஓரளவு பலன் தரும். காய்க்குள் இருக்கும் புழுவுக்கு அதே சாம்பல் பயன்படாது.

இங்கே நெஞ்சு பொறுக்காத ஒன்று உண்டு. பொறிவண்டின் குட்டி, வண்டு போலவே இராது. கருத்து நீண்டு, ஆரஞ்சுப் புள்ளியோடு, ஒரு குட்டி முதலை போல ஊரும். அசுவினிக் கூட்டத்தின் நடுவே அதைக் கண்டதும் ‘இதுதான் பூச்சி’ என்று நசுக்கிவிடுகிறார்கள். மலர் ஈயின் பச்சைப் புழுவுக்கும் அதே கதி. இலவசமாக வேலை செய்யும் ஆட்களை நம் கையாலேயே கொல்கிறோம். நசுக்கும் முன் ஐந்து நிமிடம் நின்று, அது எதைத் தின்கிறது என்று பாருங்கள்.

“இயற்கை மருந்து யாருக்கும் கெடுதல் செய்யாது”

கோலாரில் இதை நம்புவது பக்கத்து வீட்டுக்காரரின் பிழைப்பைக் கெடுக்கும். இது பட்டு வளர்க்கும் சீமை. அவரைக்கு அடுத்த வயல் மல்பெரியாக இருக்கலாம். பட்டுப்புழுவும் அந்துப்பூச்சியின் புழுதான். காய்ப்புழுவுக்குத் தெளிக்கும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாவை உலகம் முதலில் கண்டதே நோயுற்ற பட்டுப்புழுவில்தான். 1901இல் ஜப்பானில் இஷிவதா அதைப் பிரித்தெடுத்தார். அந்தப் பாக்டீரியாத் தூளைக் காற்றடிக்கும் நேரத்தில் மல்பெரி ஓரம் தெளித்தால், அந்த இலையைத் தின்னும் பட்டுப்புழு சாகும். வேப்பெண்ணெய் பட்ட இலையும் பட்டுப்புழுவுக்கு ஆகாது.

மல்பெரிக்குப் பக்கத்தில் ஏற்றது ஹெலிகோவெர்பாவின் என்.பி.வி. வைரஸ் கரைசல். அது அந்த ஒரு புழுவை மட்டுமே தாக்கும், பட்டுப்புழுவைத் தொடாது. அதே காரணத்தால் அடிசுராவையும் தொடாது. கொடியில் இருப்பது எந்தப் புழு என்று தெரியாமல் இதை வாங்கினால் காசு வீண். வெயில் இந்த வைரஸைச் சிதைத்துவிடும் என்பதால் மாலையில் மட்டும், குஞ்சுப் புழு இருக்கும்போது மட்டும் தெளிக்க வேண்டும். நோய் கண்ட புழு சாக ஒரு வாரம் போல ஆகும், தலைகீழாகத் தொங்கும். மறுநாள் காலையில் போய்ப் பார்த்துவிட்டு ‘பலிக்கவில்லை’ என்று கடையில் ரசாயனம் வாங்குவது அவசரம்.

மல்பெரி பக்கத்தில் இல்லாத இடத்தில் வேப்பங்கொட்டைக் கரைசல் என்றால் நூறு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து கிலோ பருப்பு. இடித்து, இரவு ஊறவைத்து, வடிகட்டி, அன்றே தெளித்துவிட வேண்டும். மருந்தே வேண்டாம் என்பவர்கள் ஏக்கருக்கு இருபது இடத்தில் குறுக்குக்கட்டை வைத்துக் குச்சி நடலாம். கரிச்சானும் மைனாவும் உட்கார்ந்து புழு பொறுக்கும்.

“செடி வாடினால் தண்ணீர் போதவில்லை”

இது பீன்ஸ் போடுபவர்களுக்கு. முளைத்து இரண்டு மூன்று வாரத்தில் கன்று மஞ்சளித்து வாடினால், தண்ணீர் கட்டும் முன் ஒரு கன்றைப் பிடுங்கித் தண்டின் அடியைக் கீறிப் பாருங்கள். தோலுக்கடியில் சிறு புழுவோ பழுப்புக் கூட்டுப்புழுவோ இருந்தால் அது தண்டு ஈ. முதல் ஜோடி இலையில் ஊசி குத்தியதுபோல் வெளிர்ப் புள்ளிகள் விழும்போதே அது முட்டையிடத் தொடங்கியிருக்கும். எல்லோரும் தவறவிடும் அடையாளம் அதுதான். தப்பிய கன்றுகளுக்கு மண் அணைத்தால் மேலே புது வேர் விட்டுப் பிழைக்கும்.

அவரை இலை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக மாறினால் யூரியா தூவுவதும் இதே வகைத் தவறு. அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோய். தழைச்சத்து கூடினால் சாறு உறிஞ்சும் பூச்சிக்குத்தான் கொண்டாட்டம். நோய் கண்ட செடியைத் தொடக்கத்திலேயே பிடுங்கிவிடுங்கள்.

“டப்பாவில் போட்ட பிறகுதான் வண்டு வந்தது”

காய்ந்த மொச்சையில் வண்டு பெரும்பாலும் வயலிலிருந்தே கூட வருகிறது. முற்றிய காயின்மேல் தாய்வண்டு முட்டை வைத்துவிடும். விதையைத் துளைத்து உள்ளே போன புழு வெளியே தெரியாது. டப்பாவில் போட்ட பிறகும் அது விதைக்குள்ளேயே வளரும். ஆகவே காய் முற்றியதும் கொடியில் விட்டுவைக்காமல் அறுத்து, உடைத்து, நன்றாக வெயிலில் காயப்போட வேண்டும். விதைமேல் பால்வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது முட்டை. அந்தக் கையளவைப் பிரித்துவிடுங்கள். சமையலுக்கான பருப்பில் கொஞ்சம் எண்ணெய் தடவிப் புரட்டலாம், விதைக்கு வைப்பதைச் செம்மண் குழம்பில் புரட்டி உலர்த்தலாம். துளை விழுந்த விதையை அடுத்த ஆடிக்கென்று எடுத்து வைக்காதீர்கள். முளைக்கருவைப் புழு தின்றிருந்தால் அது முளைக்காது.