சடுகுடுவில் சங்கிலியை வெல்லுதல்

நம் நாட்டு விளையாட்டுக்களுள் பொருட்செலவின்றித் தேகத்தையும் மனத்தையும் ஒருங்கே பயிற்றுவது சடுகுடு. 1990ஆம் ஆண்டு பெய்ஜிங் நகரில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டுப் பந்தயங்களில் இஃது இடம்பெற்றது. பாடிச் செல்வோன் ஒருவன், எதிர்ப்போர் எழுவர். அவன் தப்பி மீளும் வகையை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

கிருமாம்பாக்கத்துத் திடலில் ஆடிய இளைஞர் ஒருவரை நாம் அறிவோம். பலத்தில் அவருக்கு நிகரானவர் அங்கு இலர். எனினும் மாலைதோறும் பிடிபட்டார். ஒருநாள் பிடியினின்று திமிறுகையில் முழங்கால் திருகிக்கொள்ள, பல நாள் திடலுக்கு வாராதிருந்தார். அவர் குறை பலத்தில் அன்று, பார்வையிலேயே இருந்தது.

பிடிப்போர் இருவர் இருவராய்க் கைகோத்துச் சங்கிலியாய் நிற்பர். நடுவிலுள்ளோன் ஓரடி முன்வந்து ஆசை காட்டுவான். பாடுவோன் அவனைத் தொட முற்படுங்கால், ஓரத்தில் நிற்போன் பின்னிருந்து கணுக்காலைப் பற்றுவான். மற்றையோர் உடனே சூழ்ந்துகொள்வர்.

இதற்கு மாற்று மூன்று உண்டு. முதலாவது, முன்வருவோனை மட்டும் நோக்காது, ஓரத்தோனும் கண்ணிற்படுமாறு உடலைச் சாய்வாக நிறுத்துதல். ஓரத்தோனுக்கு முதுகு காட்டலாகாது. இரண்டாவது, உடற்பாரத்தைப் பின்காலில் தாங்குதல். அப்போதுதான் முன்காலை விரைந்து இழுத்துக்கொள்ளலாகும். மூன்றாவது, கால் பிடிபட்டவுடன் திருகித் திமிறாது, இரண்டாமவன் வந்து சேருமுன்னரே நடுக்கோட்டை நோக்கிப் பாய்ந்து கையை நீட்டுதல். மூச்சு அறாமல் கோட்டைத் தொட்டுவிடின், அவனைப் பற்றினோர் அனைவரும் ஆட்டமிழப்பர். கோத்த கைகளுக்குக் கீழே குனிந்து நுழைந்து மீளுதலும் ஒரு முறை. அரியானாவின் பர்தீப் நர்வால் அதிற் பெயர் பெற்றவர்.

அமெரிக்கரின் காற்பந்தாட்டத்திலும் இத்தகைய சூழ்ச்சி உண்டு. பந்தெறிவோனை மடக்க வரும் இருவர் தம்முட் குறுக்கே இடம்மாறிப் பாய்வர். காப்போர் எதிர்நின்ற ஆளையே தொடர்ந்து செல்லின் இடையே வழி திறந்துவிடும். ஆதலின் தேர்ந்தோர் அவ்வாளை அயலில் நிற்கும் தோழனிடம் ஒப்புவித்துவிட்டுத் தம் இடத்தைக் காப்பர். இரையைக் கண்டு இடம் பெயராமையே இரண்டு ஆட்டங்களிலும் தற்காப்பாகும்.

நம் இளைஞர் நலமடைந்து மீண்டபின், சில வாரம் ஓரத்தோனின் கால்களை நோக்கப் பழகினார். பின்னரும் பிடிபட்ட நாட்கள் உண்டு. ஆயினும் முன்போல் மாலைதோறும் அன்று. மாணவ நண்பர்களே! திடலுக்கு வெளியேயும் ஆசை காட்டி முன்வருவது ஒன்று, பின்னின்று காலைப் பற்றுவது வேறொன்று என்பதை மறவாதிருப்போமாக.