விடுமுறைக் காலமும் கட்டிளம் பருவத்தினரின் மனச்சுமையும்

பாடசாலை மூடும் நாளை எண்ணிக்கொண்டிருப்பது பிள்ளைகளின் இயல்பு. ஆனால் இன்று கொழும்பில் வாழும் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை ஒன்றிடம் "விடுமுறை எப்படிப் போகிறது?" என்று கேட்டால், "எந்த விடுமுறை?" என்ற பதிலே பல வேளைகளில் கிடைக்கிறது. சலிப்போடு சொல்லப்படும் இந்தப் பதிலைப் பெரியவர்கள் சிரித்துக் கடந்துவிடலாகாது. அதற்குள்ளே ஒரு முறைப்பாடு இருக்கிறது.

இலங்கையின் பாடசாலை ஆண்டு மூன்று தவணைகளைக் கொண்டது. ஏப்ரல், ஆகஸ்ட், டிசெம்பர் மாதங்களில் விடுமுறை வருவது நெடுநாள் வழமை. கொவிட் பெருந்தொற்றின் பின்னர் இந்த ஒழுங்கு முன்பின்னாக மாறிய ஆண்டுகளும் உண்டு. கொள்ளுப்பிட்டி தொடக்கம் வெள்ளவத்தை வரையிலும், வடக்கே கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு விடுமுறை என்பது நான்காந் தவணையாகிவிட்டது. பாடசாலை நாட்களில் பின்னேரம் மட்டும் நடந்த ரியூசன் வகுப்பு, விடுமுறையில் காலை, மாலை என்று முழுநாளும் நடக்கிறது. பாடசாலையிலாவது இடைவேளை மணி அடிக்கும், விளையாட்டுத் திடல் இருக்கும். இங்கே அதுவும் இல்லை. வகுப்பு முடிந்தால் தொடர்மாடி வீட்டின் ஓர் அறையும் கைத்தொலைபேசியுமே மிச்சம்.

ஊருக்குப் போன விடுமுறை

முன்னைய தலைமுறைக்கு விடுமுறை என்றால் ஊர். 1956 ஆம் ஆண்டு சேவையைத் தொடங்கிய யாழ்தேவி, கொழும்பில் உத்தியோகம் பார்த்தவர்களின் பிள்ளைகளை அப்பாச்சி வீட்டுக்கும் அம்மம்மா வீட்டுக்கும் ஏற்றிச் சென்றது. கிணற்றடிக் குளிப்பு, பனங்கூடல், கோயில் வீதியில் மச்சான்மாரோடு விளையாட்டு என்று நாட்கள் கழிந்தன. அங்கே எவரும் பாடப்புத்தகத்தைத் தேடவில்லை.

1990 ஆம் ஆண்டு யுத்தத்தால் அந்த ரயில் நின்றது. மீண்டும் யாழ்ப்பாணம் வரை ரயில் ஓடியது 2014 ஒக்டோபரிலேதான். இடைப்பட்ட 24 ஆண்டுகளில் ஒரு தலைமுறையே ஊர் விடுமுறையை அறியாமல் மாடிவீடுகளில் வளர்ந்துவிட்டது. அவர்களே இன்று பெற்றோர். தாம் அனுபவியாத ஒன்றைப் பிள்ளைக்குக் கொடுக்க அவர்களுக்குத் தோன்றாமற் போவதில் வியப்பில்லை. யுத்தகாலத்தில் பாதை இல்லாமையால் பிள்ளை ஊருக்கு வரவில்லை. இன்று வகுப்பு இருப்பதால் வருவதில்லை.

உடலும் உள்ளமும்

மன அழுத்தம் என்பது நோயின் பெயரன்று. நெருக்கடி வரும்போது அட்ரினலின், கோர்ட்டிசோல் முதலிய சுரப்புகள் உடலைத் தயார்ப்படுத்துகின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது, கவனம் கூர்மையடைகிறது. பரீட்சை மண்டபத்தில் இது நன்மையே. நெருக்கடி முடிந்ததும் உடல் தணிய வேண்டும். தணிவதற்கு இடைவெளி கிடையாமல் மாதக்கணக்கில் நீடித்தால் நித்திரை கெடும், பசி மாறும், படித்தது மனத்தில் நில்லாது. கூடுதலாகப் படிப்பதற்கென்று பறிக்கப்பட்ட ஓய்வு, படித்ததையும் சேர்த்துக்கொண்டு போய்விடுகிறது.

கட்டிளம் பருவத்தில் உடலின் நித்திரைக் கடிகாரம் இயல்பாகவே பிந்துகிறது. பதினாறு வயதுப் பிள்ளை இரவு பத்து மணிக்குக் கண்ணயர முடியாமல் இருப்பதும், காலையில் எழும்பச் சிரமப்படுவதும் எல்லாம் சோம்பலால் மட்டுமன்று. அந்த வயதுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணித்தியால நித்திரை வேண்டும். முன்பின் யோசித்து உணர்ச்சியை அடக்கும் மூளைப் பகுதி இருபது வயதைத் தாண்டியும் முதிர்ச்சியடைந்துகொண்டிருக்கிறது. எனவே பிள்ளை எரிந்து விழுவதை உடனே மரியாதைக்குறைவு என்று கொள்ளாமல், களைப்பின் குரலாகவும் இருக்கலாம் என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. உலகில் 10 முதல் 19 வயது வரையானோரில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதோவொரு மனநலப் பாதிப்புடன் வாழ்கிறார் என உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது.

"தம்பி, எத்தினை ஏ?"

விடுமுறையில் ஊருக்கு வரும் பிள்ளையைக் கோயில் வாசலில் கண்டதும் பெரியவர்கள் கேட்கும் முதற்கேள்வி இதுதான். "பிள்ளை, ரிசல்ட் வந்திட்டுதோ?" என்று மாமி கேட்பார். "பெரியப்பாவின்ரை மகன் ஒன்பது ஏ, தெரியுமோ?" என்று இன்னொருவர் சொல்வார். கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் தொலைபேசியில் இதே கேள்வி வரும். கேட்பவர்களுக்கு அன்பைத் தவிர வேறு நோக்கம் இல்லை. ஆனால் ஒரே நாளில் பத்துப் பேருக்கு அதே பதிலைச் சொன்ன பிள்ளை மறுநாள் கோயிலுக்கு வர மறுக்கிறது. "தலையிடி" என்று அறைக்குள் படுத்துக்கொள்கிறது. அது பொய்த் தலையிடி அன்று.

உயர்தரம் எழுதிவிட்டுக் காத்திருப்பவரின் நிலை இன்னும் கடினம். பரீட்சை முடிந்து பெறுபேறு வரச் சில மாதங்கள் செல்லும். வெட்டுப்புள்ளி வெளியாக மேலும் சில மாதங்கள். பிறருக்கு இது நீண்ட விடுமுறையாகத் தெரியும், அவருக்கோ அது நீண்ட தவிப்பு. 2001 ஆம் ஆண்டு முதல் பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியைக் கொண்டு தீர்மானிக்கப்படுகிறது. மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும். மூன்று ஏ பெற்றும் மருத்துவத்துக்கு இடம் கிடையாத பிள்ளைகள் இதனால் உண்டு. இது தெரியாமல் "மூன்று ஏ எடுத்தும் ஏன் கிடைக்கேல்லை?" என்று கேட்பது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதாகும். கல்வியியற் கல்லூரி, தொழில்நுட்பக் கல்லூரி, திறந்த பல்கலைக்கழகம் என்று வேறு வழிகளும் இருப்பதை எடுத்துச் சொல்பவரே உற்ற உறவினர்.

மார்க்கண்டேயர் தரும் பாடம்

கந்தபுராண படனம் கேட்ட அடியார்களுக்கு மார்க்கண்டேயர் சரிதம் புதிதன்று. பதினாறு வயதே ஆயுள் என்று விதிக்கப்பட்ட பிள்ளை அவர். அந்த வயது நெருங்கியபோது தந்தையார் மிருகண்டு முனிவரும் தாயாரும் துயரத்தில் ஆழ்ந்தனர். அதைக் கண்ட மகன் காரணம் கேட்டார். அவர்கள் உண்மையைக் கூறினார்கள். மகனே அவர்களைத் தேற்றிவிட்டுச் சிவபூசையில் அமர்ந்தார்.

சிவபெருமான் காலனை உதைத்த திருவருளையே இதில் எல்லோரும் எடுத்துச் சொல்வர். பெற்றோருக்கு இதில் இன்னொரு பாடமும் உண்டு. பெற்றோர் தம் பயத்தை எவ்வளவு மறைத்தாலும் பிள்ளை முகத்தைப் பார்த்தே அறிந்துகொள்ளும். காரணம் அறியாத பயமே பிள்ளையை வாட்டுகிறது. வீட்டுக் கடன், தந்தையின் வேலை, வெளிநாடு செல்லும் யோசனை எதுவாயினும் வயதுக்கேற்ற அளவில் சொல்லிவிடலாம். அஞ்சிய வேளையில் பற்றிக்கொள்ள மார்க்கண்டேயருக்கு ஒன்று இருந்தது. இன்றைய பிள்ளைக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

பெற்றோர் செய்யத்தக்கவை

1. விடுமுறையின் முதல் ஒரு வாரமாவது வகுப்பு, பயிற்சிப் புத்தகம் எதுவுமின்றி விடுதல். பின்னரும் வாரத்தில் ஒருநாள் முழு ஓய்வாக இருத்தல்.

2. காலையில் சிறிது பிந்தி எழும்ப அனுமதித்தல். ஆனால் இரவில் கைத்தொலைபேசி படுக்கையறைக்கு வெளியே இருக்க வேண்டும். இந்த விதி பெற்றோருக்கும் பொருந்தினால்தான் நிலைக்கும்.

3. பின்னேரத்தில் பிள்ளையோடு நடத்தல். காலிமுகத்திடலும் வெள்ளவத்தைக் கடற்கரையும் காசு கேட்பதில்லை. முகத்துக்கு முகம் பார்த்துச் சொல்ல முடியாததைப் பக்கத்தில் நடந்தபடி பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். அப்போது புத்திமதி சொல்லாமல் கேட்டுக்கொண்டிருப்பதே பெரிய உதவி.

4. மனம் படபடக்கும்போது மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடப் பழக்குதல். ஐந்தெழுத்தை மனத்திற்குள் சொல்லியபடி இதைச் செய்யலாம். நெடுமூச்சு இதயத் துடிப்பைத் தணிக்கும்.

5. வருடத்தில் ஒரு தடவையாவது ஊருக்கு அழைத்து வருதல்.

கோயில் செய்யக்கூடியது

ஆடிவேலும் நல்லூரின் 25 நாள் மகோற்சவமும் ஆகஸ்ட் விடுமுறையை ஒட்டியே பெரும்பாலும் வருகின்றன. டிசெம்பர் விடுமுறையில் திருவெம்பாவைக் காலம் வருகிறது. சித்திரை வருடப் பிறப்பு ஏப்ரலில் வருகிறது. இந்த நாட்களில் பிள்ளைகளைப் பார்வையாளராக நிறுத்திவிடாமல் வேலை கொடுக்க வேண்டும். மாலை கட்டுதல், தண்ணீர்ப் பந்தலில் நிற்றல், அன்னதானத்தில் பரிமாறுதல், விடியற்காலையில் சங்கு ஊதிப் பாடிச் செல்லுதல் போன்றவற்றுக்குப் புள்ளி இல்லை, வெட்டுப்புள்ளியும் இல்லை. வருடம் முழுவதும் அளக்கப்படும் பிள்ளைக்கு, அளக்கப்படாத ஓர் இடமாகக் கோயில் இருக்கலாம்.

வைத்திய உதவி

இரண்டு வாரத்துக்கு மேலாக நித்திரையின்மை, உணவில் வெறுப்பு, நண்பர்களை விட்டு ஒதுங்குதல், எதிலும் நாட்டமின்மை காணப்பட்டால் வைத்தியரிடம் செல்ல வேண்டும். நாவூறு கழிப்பதும் அருச்சனை செய்வதும் மனத்துக்கு ஆறுதல். அவற்றோடு வைத்தியமும் சேர வேண்டும். "நான் இல்லாமற் போனால் நல்லது" என்ற பேச்சு வந்தால் ஒருநாளும் தாமதிக்கலாகாது. சாக வேண்டும் போல இருக்கிறதா என்று அன்போடு நேரே கேட்பது அந்த எண்ணத்தை ஊட்டிவிடாது, மாறாகச் சுமையை இறக்கவே உதவும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 ஆகிய தொலைபேசி இலக்கங்கள் இதற்காகவே உள்ளன. 1974 முதல் கொழும்பில் இயங்கும் சுமித்திரயோ அமைப்பினரும் மனந்திறந்து பேச வருவோருக்குச் செவிகொடுக்கின்றனர்.

அடுத்த விடுமுறையில் கொழும்பிலிருந்து வரும் பிள்ளையைக் கோயில் வீதியில் காணும் அடியார்கள், பெறுபேற்றைக் கேட்காமல் "சாப்பிட்டியோ, வா தம்பி, இந்தப் பூக்கூடையை ஒருக்காப் பிடி" என்று அழைப்பார்களாயின், அதுவே அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும் உண்மையான விடுமுறையாகும். இளந்தலைமுறை உடல்நலமும் உளநலமும் பெற்று வாழ எல்லாம்வல்ல இறைவன் திருவருள் பாலிப்பானாக.