அந்தப் பணத்தைக் கட்டாதே

அன்புள்ள செல்விக்கு,

நீ அனுப்பிய விளம்பரத்தைப் பார்த்தேன். நாலு நாளில் கட்டுரை வெளிவந்துவிடுமாம், சான்றிதழும் உண்டாம், 1,800 ரூபாய் கட்டினால் போதுமாம். தாவரவியல், வணிகவியல், சமூகவியல், தமிழ் இலக்கியம் எல்லாம் ஒரே இதழில். இத்தனையையும் நாலு நாளில் படித்து மதிப்பிட யாரால் முடியும்? யாரும் படிப்பதில்லை, அவ்வளவுதான். பணத்தைக் கட்டாதே.

ஆய்வேடு கொடுக்கக் கட்டுரை வேண்டுமே என்று கேட்டிருந்தாய். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிகளில் அந்தக் கட்டாயம் இல்லை. உன் பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருக்கலாம். ஆய்வுப் பிரிவுக்கு நேரில் போய், எழுத்தில் என்ன இருக்கிறது என்று பார். சீனியர்கள் சொல்வதை வைத்து முடிவு செய்யாதே. யுஜிசியின் இதழ்ப் பட்டியலையும் நம்பிப் பயனில்லை. 2018 மே மாதம் யுஜிசி தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரே வீச்சில் நீக்கியது. பிறகு வந்த கேர் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டது. இதழ் தரமானதா என்று பார்ப்பது இப்போது பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. நடைமுறையில் அது உன் தலையிலும் நெறியாளர் தலையிலும்தான் விடியும். ஒரு இதழில் எழுதுமுன் அதில் வந்த இரண்டு கட்டுரைகளை முழுக்கப் படி. நீ மேற்கோள் காட்டுகிறவர்களில் ஒருவராவது அங்கே எழுதியிருக்கிறாரா என்று பார். வேறு சூத்திரம் எனக்குத் தெரியாது.

எந்த எழுத்து நிலைக்கும் என்பதற்கு உன் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. நீ கள ஆய்வு செய்யும் விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருவேல்பட்டு என்ற கிராமம் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தன் மாணவர்களிடம் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார். அவர்கள் எழுதிக்கொண்டு வந்தது 1918இல் ஆக்ஸ்ஃபோர்ட் வெளியீடாகப் புத்தகமானது. இருவேல்பட்டும் அதில் ஒன்று. மாணவர்கள் திரட்டிய நிலம், கூலி, கடன் விவரங்களை வைத்துக்கொண்டு அடுத்தடுத்த தலைமுறை அங்கே திரும்பப் போனது. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் (எம்ஐடிஎஸ்) எஸ். குகனும், ஜோன் மெஞ்சரும் எழுதியது 1983இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் (இபிடபிள்யூ) வந்தது; ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் மூவரும் எழுதியது 2010இல் அதே இதழில் வந்தது. நேர்மையாகக் குறித்த விவரத்துக்கு இவ்வளவு ஆயுள். 1916இல் அதைக் குறித்தவர்கள் உன்னைப் போல மாணவர்கள்.

உன் களக்குறிப்பில் ஒரு பக்கம் என்னை விடவே இல்லை. நூறு நாள் வேலைத் தளத்தில் வருகைப் பதிவுக்காகச் செயலியில் தினம் இரண்டு முறை படம் எடுத்தாக வேண்டியிருந்தது. மண்வேலை முடிந்த பிறகும் இரண்டாவது படத்துக்காகப் பெண்கள் கருவேல நிழலில் உட்கார்ந்திருந்ததை எழுதியிருக்கிறாய். ஆட்டை அவிழ்த்து மேய்க்க முடியாமல் போன அம்மா, சிக்னல் கிடைக்காமல் வரப்பில் ஏறி நின்ற பணித்தளப் பொறுப்பாளர் எல்லாரும் அந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள். ஆய்வேட்டில் இது எட்டாவது அடிக்குறிப்பாகக் கிடக்கிறது! இதையே இரண்டாயிரம் வார்த்தையில் இபிடபிள்யூவின் கமென்டரி பகுதிக்கு எழுது. அவர்கள் எழுதுபவரிடம் பணம் கேட்பதில்லை. முதல் முறையே நீண்ட ஆய்வுக் கட்டுரையில் கைவைக்காதே. அது முழுத் தரவும் அலசி முடித்த பிறகு. எம்ஐடிஎஸ் நடத்தும் ‘ரிவ்யூ ஆஃப் டெவலப்மென்ட் அண்ட் சேஞ்ச்’ இதழையும் அப்போது நினைவில் வை.

அதற்கும் முன்னால் ஒரு நூல் மதிப்புரை எழுது. ஒரு புத்தகத்தின் வாதத்தைச் சுருக்கி, எங்கே இடறுகிறது என்று காட்டத் தெரியாதவர்கள் சொந்த வாதத்தைக் கட்டுவது சிரமம். தமிழில் எழுதினால் புள்ளிக்கணக்கில் சேராது என்று உன் தோழி சொன்னாளாம். சேராவிட்டால் போகட்டும், எழுது. உன் ஆய்வு யாரைப் பற்றியதோ அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அதைப் படிப்பார்கள்.

பயிற்சி விஷயம். இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎஸ்எஸ்ஆர்) நிதியில் ஆய்வு நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஆய்வு முறையியல் வகுப்பு நடத்துகின்றன. வழக்கமாகப் பத்து நாள். பெரும்பாலும் தங்கவும் சாப்பிடவும் ஏற்பாடு இருக்கும். விண்ணப்பத்தில் உன் ஆய்வுக் கேள்வியைத் தெளிவாக ஒரு பத்தியில் எழுது. எல்லாரும் "திறனை வளர்க்க விரும்புகிறேன்" என்றுதான் எழுதுகிறார்கள். தேர்வுக் குழுவில் இருந்து அதைப் படித்துச் சலித்தவன் நான். போகும்போது உன் தரவைக் கணினியில் ஏற்றிக்கொண்டு போ. மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் தொழிலாளர் ஆய்வின் அலகு வாரித் தரவை இலவசமாகத் தருகிறது, ‘ஆர்’ மென்பொருளும் இலவசம். அங்கே சொல்லித்தருவதை அன்றிரவே உன் தரவில் போட்டுப் பார், மறுநாள் தேநீர் இடைவேளையில் வகுப்பெடுத்தவரைப் பிடித்துச் சந்தேகம் கேள். வெறுங்கையோடு போகிறவர்கள் குழுப்படத்தோடும் சான்றிதழோடும் திரும்புகிறார்கள். அப்படிச் சேர்த்த சான்றிதழ் கோப்பைப் பார்த்து எந்த நேர்காணல் குழுவும் மயங்கி நான் கண்டதில்லை.

கட்டுரை திரும்பி வரும். பதில் வரவே மாதக்கணக்கில் ஆகும். அதனால் நான்காம் ஆண்டு வரை ஒத்திப்போடாதே. மதிப்பீட்டாளர் கடுமையாக எழுதினால் ஒரு வாரம் தள்ளி வைத்துவிட்டுப் படி. முன்பின் தெரியாத ஒருவர் காசு வாங்காமல் உன் எழுத்தை வரிவரியாகப் படித்திருக்கிறார் என்பதை மறக்காதே.

செயலிப் படத்தைப் பற்றிய முதல் வரைவை இந்த மாதக் கடைசிக்குள் எனக்கு அனுப்பு. ஆங்கிலம் தடுமாறினால் தமிழிலேயே எழுதி அனுப்பு, உட்கார்ந்து சரிசெய்துகொள்ளலாம். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் ஆசிரியர்